ரோட்டுத் தண்ணி எத்தனை டிகிரி?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு என் அண்ணன் ரோட்டுத் தண்ணீரை நக்கிப் பார்த்தான்.

குடித்தான் என்று நினைக்காதீர்கள். ஆள்காட்டி விரலை முக்கி, நாக்கு நுனியில் வைத்து, கோயில் தீர்த்தம் வாங்கியவன் மாதிரி கண்ணை மூடி இரண்டு விநாடி நின்றான். பிறகு காருக்குள் இருந்த என்னைப் பார்த்துக் கத்தினான்.

"ஒண்ணரை டிகிரி! மெதுவா வா!"

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, அவருக்கு உடம்பு எதுனா சரியில்லையா?" என்றார்.

என்ன சொல்வது? "எங்க அண்ணன்ங்க" என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

குட்டி எலக்ட்ரிக் கார் வாங்கியதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் பெருமை அடித்த நாளிலிருந்து வாசகர்களாகிய நீங்கள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மழையில் ஓட்டலாமா? தண்ணீரில் இறக்கலாமா? ஷாக் அடிக்காதா? இதோ, எழுதிவிடுகிறேன். ஆனால் எங்கள் வீட்டைச் சுற்றித்தான் எழுத வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் எந்த விஷயமும் நேர் ரோட்டில் வருவதில்லை.

முதலில் அந்த டிகிரி.

எங்கள் குடும்பம் மரக்காணம் உப்பளத்துக் குடும்பம். பாத்தியில் கட்டிய தண்ணீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்பதை அங்கே டிகிரியில்தான் சொல்வார்கள். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. வெயிலில் காயக் காய ஏறிக்கொண்டே போய், இருபத்து நாலைத் தாண்டினால் உப்பு பூக்கும். இதை அளக்க ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. என் அண்ணன் ஏழுமலைக்கு அது தேவைப்படாது. நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவான். ஒரு தடவை குழலும் அண்ணனும் வேறு வேறு எண் சொன்னபோது, முதலாளி குழலைத்தான் மாற்றினார்.

நான் அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள். காலேஜ் போன முதல் ஆளும் நானே. (எத்தனை தடவை சொல்வாய் என்று கேட்காதீர்கள். இன்னும் நிறையத் தடவை சொல்வேன்.) ரிசல்ட் வந்த அன்று பாத்தி வரப்பிலேயே ஓடிப்போய், "அப்பா, நான் டிகிரி வாங்கிட்டேன்!" என்றேன்.

அப்பா உப்பு வாரும் வாருபலகையை நிறுத்தாமல், "எத்தனை?" என்றார்.

பக்கத்தில் நின்ற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவ திமிரப் பாத்தா இருபத்தஞ்சுக்குக் கொறையாது" என்றாள்.

இப்போது வானூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. தினமும் போய்வர செகண்ட்ஹேண்டில் வாங்கியதுதான் இந்தக் கார். தக்காளி நிறம். இரண்டே கதவு. அண்ணன் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சோப்பு டப்பா'. வாங்கிய வாரமே அதன் மேனுவலை அட்டையிலிருந்து அட்டை வரை படித்து, முக்கியமான இடங்களில் பென்சிலால் கோடும் போட்டுவிட்டேன். கார் மேனுவலைப் பரீட்சைக்குப் படிப்பது போல் படித்த வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள், நாம் பேசலாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பிரம்மதேசத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்கா செல்வியின் மகள் யாழினிக்குக் காது குத்து. ஒரு வயசு. நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் என்றால் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஏழுமலை. ஒரே ஒரு மடி.

அந்த மடிக்குத்தான் கோபம்.

இரண்டு வருஷம் முன்பு அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அண்ணன் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு பத்தல" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டான். அக்கா வீட்டுக்காரர் தணிகாசலம் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உப்பளத்துலயே கெடந்து ஒனக்கு நாக்கு செத்துப்போச்சு மச்சான்" என்றார். நாக்கையா? எங்கள் ஏழுமலையின் நாக்கையா? அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்தவன்தான். அதன்பிறகு இருவரும் பேசவில்லை. யாழினி பிறந்ததுகூட எங்கள் வீட்டில் என்பதால் அண்ணன் போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அப்பாவும் அம்மாவும் முதல் நாளே பஸ்ஸில் அங்கே போய்விட்டார்கள்.

"அண்ணன் வந்தாதான் குத்துவேன். வரலன்னா அவ காதும் மூளியாவே இருக்கட்டும், நானும் பொறந்த வீட்டுப் பக்கம் வரல. சொல்லிடு."

அக்கா சொன்னால் செய்வாள். எங்கள் வீட்டில் எல்லாருக்குமே டிகிரி கூடத்தான்.

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "கொழந்தைக்காக வர்றேன். அந்தாளு மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டேன்."

ஞாயிறு காலையில் வானம் ஓட்டை விழுந்தது மாதிரி கொட்டி முடித்திருந்தது. அண்ணனின் பைக் நனைந்து கிடந்தது. முப்பது உதை உதைத்தும் இருமக்கூட இல்லை. ஆக, சோப்பு டப்பாவில்தான் வந்தாக வேண்டும்.

வாசலில் வந்து நின்றவனைப் பார்த்தேன். பட்டு வேட்டி. பட்டுச் சட்டை. காலில் முட்டி வரைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ்.

"என்ன இது?"

"கரண்ட் வண்டி. மழை. நீயே ரெண்டையும் சேத்து யோசிச்சுப் பாரு. படிச்சவதான?"

அவன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உப்பளத்து மோட்டார் ஷெட்டில் உப்புத் தண்ணீரில் நின்றபடி சுவிட்சைத் தொட்டு ஒரு தடவை தூக்கி வீசப்பட்டவன் அவன். அன்றிலிருந்து மோட்டார் என்று பெயர் வைத்த எதற்கும் பக்கத்தில் பூட்ஸ் இல்லாமல் போவதில்லை. மிக்ஸி உட்பட.

நான் பொறுமையாகச் சொன்னேன். இந்தக் காரில் பேட்டரி அடியில் ஒரு பெட்டிக்குள் தண்ணீர் புகாதபடி மூடியிருக்கிறது. எங்கேயாவது கசிந்தால் கரண்ட் தானாகத் துண்டித்துக்கொள்ளும். மழையில் நனைவதற்கும் சின்னக் குட்டையைத் தாண்டுவதற்கும் பயப்பட வேண்டியதில்லை. அண்ணன் முழுசாகக் கேட்டான்.

"மழைத்தண்ணின்னா சரி. உப்புத்தண்ணின்னா? உப்புத்தண்ணில கரண்ட் ஓடும். எத்தனை டிகிரின்னு பாக்காம எறங்கக் கூடாது."

இப்படித்தான் அந்தப் பயணம் ஆரம்பித்தது.

பின் சீட்டு முழுவதையும் சீர் அண்டா பிடித்துக்கொண்டது. எவர்சில்வர் அண்டா. அதற்குள் பழம், தேங்காய், பாவாடை சட்டை. முன் சீட்டில் அண்ணன் இரண்டு பூட்ஸ் காலையும் தூக்கி டாஷ்போர்டு மேல் வைத்துக்கொண்டான். தரையில் வைத்தால் கரண்ட் 'வாங்கிக்குமாம்'. கியர் குமிழ் இருக்கும் இடத்தில் அவன் முழங்கால் இருந்தது.

உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் குட்டைக்குக் குட்டை காரை நிறுத்தச் சொன்னான். இறங்கினான். முக்கினான். நக்கினான். "ஒண்ணு." "ஒண்ணரை." "இது ரெண்டு இருக்கும், ஓரமா வா." உள்ளே தள்ளி வரவர எண் குறைந்தது. மெயின் ரோட்டைக் கடந்து மேற்கே திரும்பியதும் ஒரு குட்டையை நக்கிவிட்டு, "சைபர்!" என்று கத்தினான். நிலாவில் கால் வைத்தவன்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

சிரிக்காதீர்கள். பாதி விஷயம் அவன் சொன்னது சரி. உப்புத் தண்ணீர் காருக்கு ஆகாது. ஷாக் அடிப்பதற்காக அல்ல, அடியில் இருக்கும் இரும்பையும் இணைப்புகளையும் அரித்துத் தின்றுவிடும் என்பதற்காக. கடற்கரைப் பக்கம் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். சார்ஜ் போடும் வாய் ஈரமாக இருந்தால் காயும் வரை பிளக்கைக் கையில் எடுக்காதீர்கள்.

ஆனால் தண்ணீரைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை டிகிரி என்பது இல்லை. எவ்வளவு ஆழம்? ஓடுகிறதா, நிற்கிறதா? என் மேனுவலில் அதற்கு நான் இரட்டைக் கோடு போட்டிருக்கிறேன். சக்கரத்தின் நடுவைத் தாண்டித் தண்ணீர் இருந்தால் இறக்காதே. ஓடும் தண்ணீர் என்றால் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இறக்காதே.

சின்னக் குட்டைகளில் நான் எப்படி ஓட்டினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நடக்கிற வேகம். ஒரே சீராக. நடுவில் நிற்பதும் இல்லை, திடீரென்று மிதிப்பதும் இல்லை. எதிரே பஸ் வந்தால் அது போகும் வரை மேட்டில் காத்திருப்பேன். பஸ் கிளப்பும் அலை குட்டிக் காரின் பானெட்டில் ஏறிவிடும். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை இரண்டு மூன்று தடவை லேசாக மிதித்துக் காயவைப்பேன். எலக்ட்ரிக் காரில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும் என்பதால் பிரேக்கை நாம் மறந்தே போகிறோம்... ஈரப் பிரேக் ஈரமாகவே இருந்துவிடும்.

ஒவ்வொரு தடவை மிதித்தபோதும் அண்ணனின் பூட்ஸ் கண்ணாடியில் முட்டியது. "சாவடிச்சிடாதடி" என்றான்.

"பாத்தியா, ஒண்ணும் ஆவல. இந்த வண்டி எந்தத் தண்ணியா இருந்தாலும் போவும்" என்றேன்.

வாயைக் கொஞ்சம் மூடியிருக்கலாம்.

ஒன்பதரைக்கு, பிரம்மதேசம் எட்டிப் பார்க்கிற தூரத்தில், ரோடு காணாமல் போனது. இரண்டு பக்கமும் நெல் வயல். ஏரி நிரம்பி வழிந்து, வயலும் ரோடும் ஒரே கண்ணாடியாகக் கிடந்தன. ஒரு நூறு அடி தூரம் தண்ணீர். அதற்கு அந்தப் பக்கம் மறுபடி தார் ரோடு. அந்த ரோட்டின் நுனியில் குடை பிடித்துக்கொண்டு தணிகாசலம் மாமா.

வேறு வழியில் சுற்றிப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது.

என் போன் அடித்தது. மாமாதான். அந்தக் கரையிலிருந்து.

"முட்டிக்கால் தண்ணிதாம்மா. தைரியமா வா."

அண்ணன் எங்கோ வானத்தைப் பார்த்தபடி, "யாரு முட்டின்னு கேளு" என்றான்.

"மாமா, யாரு முட்டின்னு அண்ணன் கேக்குது."

"எம் முட்டிதான். அவுரு முட்டிய நான் எப்படி எடுத்தாந்து வச்சுப் பாக்கறதுன்னு கேளும்மா."

"ஒட்டகத்துக்கும் முட்டி இருக்குதுன்னு சொல்லு."

"மாமா, அது வந்து..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. குட்டையா பொறந்தவனுக்கு எல்லாமே ஆழந்தான்னு சொல்லு."

நூறு அடி தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல், நடுவில் என் போனை வைத்துக்கொண்டு, இரண்டு வளர்ந்த ஆண்கள் முட்டியைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஆனால் கேள்வி சரியான கேள்வி. மாமா நல்ல உயரம். அவர் முட்டி என் தொடை. அவர் முட்டியளவுத் தண்ணீர் என்றால் என் காரின் சக்கரம் முழுசாக மூழ்கி, ஹெட்லைட் மீன் பார்க்கும்.

மேனுவல் படி விடை ஒரே வரி. திரும்பிப் போ.

ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். எந்தத் தண்ணியா இருந்தாலும் போவும் என்று அரை மணி முன்புதானே சொன்னேன்? அந்தக் கரையில் அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், 'பொம்பளப் புள்ளைக்குக் காரு' என்று சிரித்த அக்கா வீட்டுச் சொந்தமெல்லாம் இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் இறங்கினால்... மனசுக்குள் ஸ்லோமோஷனில் ஒரு தடவை இறங்கியும் பார்த்துவிட்டேன்.

இங்கேதான் எலக்ட்ரிக் காரின் பெரிய ஆபத்து இருக்கிறது. பெட்ரோல் கார் ஆழத்தில் தண்ணீரை உறிஞ்சித் திணறி நின்றுவிடும். அதைப் பார்த்தாவது பயம் வரும். இது சத்தமே போடாது. திணறாது. 'போகலாம், போகலாம்' என்று நம்மைக் கூட்டிக்கொண்டே போகும்.

அண்ணனும் என்னைக் கைவிட்டான். இத்தனை நேரம் குட்டைக்குக் குட்டை நக்கிப் பார்த்தவன், மணியைப் பார்த்தான். ஒன்பது ஐம்பது.

"போ. எறக்கு."

"ஏண்ணா, இவ்ளோ நேரம் பயந்த?"

"அங்க கொழந்த காத்துக்கினு இருக்குது. சைபர் டிகிரிதான். போ. வேணும்னா எடையக் கொறைக்கலாம். எடையக் கொறச்சா வண்டி மேலோட போவும்."

சொன்னதோடு நிற்கவில்லை. பின் சீட்டிலிருந்து பழத்தையும் தேங்காயையும் எடுத்து முன் சீட்டில் கொட்டிவிட்டு, அண்டாவை வெளியே இழுத்தான். ரோடு சேறாக இருந்ததால் கீழே வைக்க மனசு வராமல், தண்ணீரின் மேல் வைத்தான்.

அண்டா மிதந்தது.

ஒரு சுற்று சுற்றியது. பிறகு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மெதுவாக இடது பக்கம் வயலைப் பார்த்துக் கிளம்பியது. நிற்கும் தண்ணீர் என்று நான் நினைத்தது நிற்கவே இல்லை. மேலே கண்ணாடி மாதிரி இருந்தாலும், ஏரித் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடந்து வயலில் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் அண்டாவைப் பார்த்தேன். என் காரைப் பார்த்தேன். இரண்டுக்கும் அடி மூடியிருக்கிறது. உள்ளே காற்று. எடை குறைவு. அண்ணன் சொன்னது அப்படியே சரிதான், வண்டி மேலோட போகும்! ரோட்டின் மேலோடு இல்லை... வயலின் மேலோடு. சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் பொம்மை. உள்ளே நானும் அண்ணனும் இரண்டு தேங்காயும்.

காரை ஆஃப் செய்து சாவியை எடுத்துக்கொண்டேன்.

"நான் போவல."

"என்னாது?"

"வண்டி எறங்காது. மேனுவல்ல போட்டிருக்குது. என் கண்ணாலயும் பாத்துட்டேன்."

"இவ்ளோ தூரம் பீத்திக்கினு வந்துட்டு இப்ப..."

"பீத்துனதுதான். தப்புதான். எறங்காது."

என் வாழ்க்கையில் நான் 'தப்புதான்' என்று சொன்ன சந்தர்ப்பங்களை ஒரு கையில் எண்ணலாம். அண்ணன் அதற்கே கொஞ்சம் திகைத்துப்போனான். போனில் மாமாவும் "என்னாச்சும்மா?" என்றார். அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தவன், அப்படியே நின்றான். கை சட்டைப் பையைத் தடவியது. வேட்டி மடிப்பைத் தடவியது. முகம் வெளுத்தது.

"தோடு..."

"எங்க?"

"அண்டாவுல. அடியில. மஞ்சத் துணில முடிஞ்சு..."

தாய்மாமன் வாங்கிய தங்கத் தோடு இப்போது ரோட்டை விட்டு இருபது அடி தள்ளி, ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது.

வாசகர்களே, இதற்கு அடுத்து நடந்ததை நீங்கள் யாரும் செய்யக் கூடாது. ஓடும் தண்ணீரில் நடந்து இறங்குவதும் காரை இறக்குவதைப் போலவே முட்டாள்தனம். என் அண்ணன் யோசிக்கவில்லை. முக்கிப் பார்க்கவில்லை. நக்கிப் பார்க்கவில்லை. பட்டு வேட்டியோடு பாய்ந்தான். பாய்ந்தபடியே, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, நேரடியாக, கத்தினான்.

"மாப்ள! புடி! அண்டாவப் புடி!"

அந்தக் கரையில் குடை மட்டும் கிடந்தது. மாமா ஏற்கெனவே தண்ணீரில் இருந்தார்.

நல்லவேளையாக வயல் ஓரத்தில் இருந்த ஒரு வேலமுள் புதர் அண்டாவைப் பிடித்து நிறுத்தியது. மாமா தொடையளவுத் தண்ணீரில் போய் அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டார். அண்ணன் பாதி வழியில் இடுப்பளவில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுவிட்டான்.

"தோடு இருக்குதா மாப்ள?"

"இருக்குது மச்சான்! நீ ஏன் அங்கயே நிக்கற?"

"பூட்ஸுல தண்ணி ரொம்பிடுச்சு! தூக்க முடியல!"

"கழட்டுய்யா!"

"கழட்டுனா ஷாக் அடிக்கும்யா!"

"எதுலேர்ந்துய்யா அடிக்கும்? காரு அங்க நிக்குது, அதுவும் ஆஃப்ல நிக்குது!"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சாவியைத் தூக்கிக் காட்டினேன். இருந்தாலும் அவன் பூட்ஸைக் கழற்றவில்லை. கடைசியில் மாமா ஒரு கையில் அண்டாவை இழுத்துக்கொண்டு வந்து, மறு கையால் அண்ணனின் அக்குளில் பிடித்துத் தூக்கினார். பூட்ஸ் இரண்டும் சேற்றிலேயே நின்றுவிட்டன. அண்ணன் வெறுங்காலோடு வெளியே வந்தான். ஷாக் அடிக்கவில்லை என்பதை நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

தண்ணீரிலேயே மூச்சு வாங்கியபடி நின்றார்கள். நடுவில் அண்டா. மாமாதான் ஆரம்பித்தார்.

"தண்ணி எப்படி மச்சான்? பாத்தியா?"

அண்ணன் விரலை முக்கி நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான்.

"உப்பு பத்தல."

மாமா ஒரு விநாடி முறைத்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் அண்டா கையை விட்டு நழுவப் பார்த்தது. இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தார்கள்.

"வா மச்சான். இவ்ளோ தூரம் வந்துட்ட, மிச்சமும் நடந்துடு."

ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, அண்டாவைப் படகு மாதிரி தள்ளியபடி அந்தக் கரை ஏறினார்கள். என் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மணி பத்தே கால்.

நான் காரை ரிவர்ஸ் எடுத்தேன். தண்ணீர் ஏறினாலும் எட்டாத மேட்டில் ஒரு புளிய மரத்தைத் தாண்டி நிறுத்தினேன். பிரேக்கைக் காயவைத்தேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். ஆனாலும் யாழினியின் காதுகுத்துக்கு நான் போகவில்லை. முதல் நாளே அவளுக்கு வளையல் வாங்கி, என் பையில் வைத்திருந்தேன். அது காரிலேயே இருந்தது, நானும் காரிலேயே இருந்தேன்.

பத்து இருபத்திரண்டுக்கு அம்மா வீடியோ காலில் வந்தாள். முதலில் பந்தல் தெரிந்தது. பிறகு யாரோ ஒருவரின் காது. "அம்மா, போனத் திருப்பு!" அப்புறம் தெரிந்தான் அண்ணன். வேட்டி மாற்ற நேரமில்லை. இடுப்புக்குக் கீழே ஈரத்தோடு மனையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் யாழினி. பக்கத்தில், அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மாமா. எதிரே அக்கா. அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் முந்தானை.

பத்தர் ஊசியை எடுக்கும் முன்பே யாழினி வீறிட்டாள்.

"இன்னும் குத்தவே இல்லியே தங்கம்!" என்றார் பத்தர். குனிந்து பார்த்தார். அண்ணனின் மடியைத் தொட்டார். கையை உதறினார்.

"பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டாங்க. மாமன் மடியெல்லாம் ஈரம். எதுனா காஞ்ச துணி குடுங்கம்மா."

பந்தலே சிரித்தது. அண்ணனின் வாய் திறந்தது. உண்மையைச் சொன்னால், தண்ணியிலேயே பிறந்து வளர்ந்த உப்பளத்துக்காரன் ஓர் அண்டாவைத் துரத்திப்போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்ட கதை சாயங்காலத்துக்குள் வானூர் வரை போய்விடும்.

மாமா முந்திக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார், முகத்தைத் துளியும் மாற்றாமல். "காலைலேர்ந்தே அவளுக்கு இப்படித்தான்."

ஒரு துண்டு வந்தது. மடி காய்ந்தது. இரண்டு காதிலும் தோடு ஏறியது. பத்தரைக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

சமாதானம் என்றால் பழியை யாராவது ஒருத்தர் ஏற்கத்தான் வேண்டியிருக்கிறது... அந்த ஆளுக்கு இன்னும் பேச்சு வராமல் இருந்தால் ரொம்ப வசதி.